பள்ளிக் கடனா, கம்பெனிக்கு வரிச்சலுகையா?

மாசசூசெட்ஸ் மாநில ஊர்களில் நிதிக்குழு என்று ஒன்று உண்டு. சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். வரவு செலவைப் பார்த்து யோசனை சொல்வார்கள், முடிவு வாக்களிக்கும் ஊர்க்கூட்டமான டவுன் மீட்டிங்கின் கையில். பழைய பள்ளியை இடித்துக் கட்டும் திட்டமும், புதிதாக வரும் கம்பெனிக்குச் சொத்து வரிச்சலுகையும் ஒரே வருடம் இவர்கள் முன் வந்துவிட்டால் பேச்சு ‘இதுவா அதுவா’ என்று போய்விடும்.

பள்ளியின் விலை முகத்தில் அறைகிற மாதிரி தெரியும். பெல்மான்ட் ஊரில் 2018-இல் வாக்கெடுப்புக்கு வந்த பள்ளித் திட்டம் 29.5 கோடி டாலர். மாநிலப் பள்ளிக் கட்டட ஆணையம் மானியம் தருகிறதே என்பார்கள். அடிப்படை விகிதம் 31 சதவீதம், ஊரின் நிலைமையைப் பொறுத்து 80 வரை போகலாம். ஆனால் அது ‘தகுதியுள்ள செலவு’க்கு மட்டும், சதுர அடிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். பெல்மான்ட்டுக்குக் கிடைத்தது சுமார் 8 கோடி. மொத்தத்தில் 27 சதவீதம்தான். மானிய விகிதத்தைக் கேட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மீதிக்கு ஊர் கடன் வாங்க வேண்டும். 1980-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, புதுக் கட்டடங்களால் வரும் வரி நீங்கலாக, ஊரின் மொத்தச் சொத்து வரி வரம்பு வருடத்துக்கு இரண்டரை சதவீதம்தான் ஏறலாம். பள்ளிக் கடன் வாங்க டவுன் மீட்டிங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதை அந்த வரம்புக்கு வெளியே வைக்க வாக்குச்சாவடியில் பெரும்பான்மை, இரண்டும் வேண்டும். தலைவலிதான். ஆனால் யார் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார்கள்.

வரிச்சலுகையில் அது கிடையாது. கம்பெனி கட்டடம் கட்டியதால் கூடும் மதிப்புக்கு மட்டும், 5 முதல் 20 வருடம் வரை, ஒரு பகுதியோ முழுவதுமோ வரி விலக்கு. ஊர் அளவில் டவுன் மீட்டிங்கில் கை தூக்கினால் போதும், வாக்குச்சாவடிவரை போக வேண்டாம். ‘வராத வரியைத்தானே விடுகிறோம்’ என்பது வழக்கமான வாதம். சலுகை இல்லாவிட்டால் கம்பெனி வந்திருக்காது என்றால் அது சரி. அதை யார் நிரூபிப்பது?

சரி, அளவைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஊரின் பங்கு 12 கோடி டாலர், 30 வருடக் கடன், 4 சதவீத வட்டி. தவணை வருடத்துக்குச் சுமார் 69 லட்சம். கம்பெனியின் புதுக் கட்டடம் 4 கோடி மதிப்பு, மதிப்பில் ஆயிரம் டாலருக்கு வருடம் 20 டாலர் வரி. சலுகையே தராவிட்டாலும் வருவது 8 லட்சம், தவணையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ‘முதலில் கம்பெனியைக் கொண்டுவருவோம், அந்தப் பணத்தில் பள்ளி கட்டலாம்’ என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

அப்புறம், இரண்டும் ஒரே உண்டியலும் இல்லை. பள்ளிக் கடன் இரண்டரை சதவீத வரம்புக்கு வெளியே, கம்பெனியின் வரி அந்த வரம்பையே நிரந்தரமாக உயர்த்தும். ஆசிரியர் சம்பளம், தீயணைப்பு போன்ற அன்றாடச் செலவுக்கு அது உண்மையான உதவி. அதனால் சலுகையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

பள்ளிக் கடனுக்கு ஆதரவு, சலுகைக்கு நிபந்தனையோடு ஆதரவு என்பது என் கட்சி. விலக்கு வருடா வருடம் குறைய வேண்டும், சொன்ன வேலைகள் வராவிட்டால் ரத்தாக வேண்டும். நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் ஃபாக்ஸ்கான், 2017-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சலுகைக்குப் பதிலாக 13,000 வேலை என்றது. 2021-இல் திருத்திய ஒப்பந்தத்தில் அது 1,454.

இரண்டையும் ஒரே வருடம் நிறைவேற்றுகிற ஊர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பள்ளிக் கடனுக்கான கூடுதல் வரி ஊரில் வரி கட்டுகிற எல்லாச் சொத்தின் மேலும் விழும், விலக்குப் பெற்ற மதிப்பின் மேல் விழாது. அந்த மதிப்பு சுமக்காத பங்கு பக்கத்துத் தெரு வீடுகளின் பில்லில் எவ்வளவு ஏறும் என்ற எண்ணை, கை தூக்கும் முன்பே நிதிக்குழு அச்சடித்துக் கொடுக்கலாம்.