பழைய துறைமுகப் படங்கள், 20 பிரிண்ட் செட் – வாங்கலாமா?

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடறேன். பிரிண்டுக்கு 5-க்கு 4. படத்துக்குக் கீழ எழுதியிருக்கறதுக்கு 5-க்கு 1. ரெண்டையும் கூட்டி ஒரே நம்பரா சொன்னா அது யாருக்கும் உதவாது, அதனால தனித்தனியாவே விட்டுடறேன்.

ஆன்லைன் கடை, இன்ஸ்டாலதான் ஆர்டர் எடுக்கறாங்க, பேர் இங்க வேணாம், தேடுறவங்களுக்கு எப்படியும் கண்ணுல படும். பழைய துறைமுக ஊர்கள் படங்கள்னு ஒரு செட்டு, 20 பிரிண்ட், 12-க்கு 8 இஞ்ச், மேட் பேப்பர், 2,400 ரூபா, கூரியர் தனி. மெட்ராஸ், பாண்டி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தூத்துக்குடி, பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் கவர் ஆகுது. கப்பல், ரயில், கஸ்டம்ஸ் ஆபீஸ், லைட்ஹவுஸ், சர்ச்சுன்னு கலந்து கட்டி வெச்சிருக்காங்க. நான் தூத்துக்குடிக்காரன், சின்ன வயசுலேர்ந்து ரயில் பைத்தியம் வேற, விளம்பரத்தப் பாத்ததும் கை சும்மா இருக்கல.

பேப்பர் நல்ல கனம். ட்யூப்ல சுருட்டி அனுப்பினாங்க, அதனால வெளிய எடுத்தா விரியவே மாட்டேங்குது, மேல ரெண்டு தடி அகராதிய ஏத்தி வெச்சுதான் படிய வெச்சேன். பிரிண்ட் குவாலிட்டில குறை சொல்ல முடியாது. கறுப்பு கறுப்பாவே இருக்கு, பழுப்படிச்ச மாதிரி காட்டறேன்னு காப்பித்தண்ணி கலர் ஊத்தி வெக்கற வேலைய இவங்க பண்ணல. ஸ்கேன் எல்லாம் நல்ல ரெசல்யூஷன், லென்ஸ் வெச்சுப் பாத்தா கரையில நிக்கறவங்க முகமே தெரியுது.

செட்லயே டாப் பாம்பன் படம்தான். பாலத்தோட நடுவுல ஷெர்சர் ஸ்பான் (கப்பல் போக திறந்து விடற பகுதி) ரெண்டு பக்கமும் மேல தூக்கி நிக்குது, கீழ ஒரு பாய்மரக் கப்பல் போகுது. இப்ப புதுப் பாலத்த மட்டும் பாத்த பசங்களுக்கு இது எப்படி வேலை செஞ்சுதுன்னே தெரியாது, 2025 ஏப்ரல்ல திறந்த புதுசுல நடு ஸ்பான் அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா மேல ஏறுது, பழசுல ரெண்டு இறக்கையும் பின்பக்கமா உருண்டு சாயும், அதுவும் மோட்டார் இல்ல, ஆளுங்க நின்னு கையால சுத்தித்தான் தூக்கணும். இந்தப் பிரிண்ட்ல அந்த ஆளுங்க தெரியறாங்க! எடது பக்கம் மேடையில நாலஞ்சு பேர், ஒருத்தர் தலையில துண்டு கட்டியிருக்கார். இதுக்காகவே காசு குடுக்கலாம்.

ஆனா கீழ "பாம்பன் பாலம், 1910"-ன்னு போட்டிருக்காங்க. பாலம் திறந்ததே 1914 பிப்ரவரி 24. 1910-ல அந்த இடத்துல கடல் மட்டும்தான் இருந்துச்சு, கட்டற வேலையே அதுக்கப்புறம்தான் தொடங்குது. சரி, ரவுண்டா ஒரு வருஷம் போட்டாங்கன்னு விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா அங்கதான் நிஜமாவே கடுப்பாச்சு.

"தனுஷ்கோடி பையர், போட் மெயில்"-னு ஒரு படம். போட் மெயில்னா மெட்ராஸ்லேர்ந்து கொழும்புக்கு ரயிலும் கப்பலும் சேந்த சேவை. பையர் (கடலுக்குள்ள நீட்டிக் கட்டின மேடை) மேல ரயில் நிக்குது, பக்கத்துலயே ஸ்டீமர், கூலிக்காரங்க பெட்டி தூக்கறாங்க. அருமையான படம். ஆனா அது தனுஷ்கோடி இல்ல, எதிர்க்கரையில, இலங்கைல இருக்கற தலைமன்னார். எப்படிச் சொல்றேன்னா, தண்டவாளத்தப் பாருங்க. சவுத் இந்தியன் ரயில்வே தனுஷ்கோடிக்கு ஓட்டினது மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்தான். சிலோன்ல மெயின் லைன் எல்லாம் அகலப்பாதை, அஞ்சரை அடி. மீட்டர் கேஜ் பெட்டின்னா சக்கரம் உள்ள ஒடுங்கி, பெட்டி ரெண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளிய நல்லாத் துருத்திக்கிட்டு நிக்கும், படத்துல முன்னாடி காலியா இருக்கற லைன்ல தண்டவாளத்துக்கு நடுவுல ஒருத்தர் பெட்டிய குறுக்க வெச்சுட்டு அதுபக்கத்துல தானும் தாராளமா நிக்கறார், அது ஒரு மீட்டர் இடம் இல்லவே இல்ல. எஞ்சினும் நம்ம ஊர் மீட்டர் கேஜ் எஞ்சின் சைஸ் இல்ல. ரயில் தெரிஞ்ச யாருகிட்ட காட்டியிருந்தாலும் ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். இருக்கு. அந்த ரூட்டோட கதையே ரெண்டு கரையிலயும் ரெண்டு விதமான ரயில் காத்துக்கிட்டு இருந்ததுதான். எழும்பூர்ல ஒரே டிக்கெட் வாங்கி மீட்டர் கேஜ்ல தனுஷ்கோடி, அங்க இறங்கி ஸ்டீமர்ல சுமார் 35 கிலோமீட்டர் கடல், தலைமன்னார்ல அகலப்பாதை ரயில் ஏறி கொழும்பு ஃபோர்ட். 1914-க்கு முன்னாடி இதே போட் மெயில் எங்க ஊருக்குத்தான் வரும், தூத்துக்குடில கப்பல் ஏறினா ராத்திரி பூரா கடல்தான், காலையில கொழும்பு. பாம்பன் பாலம் வந்ததும் எங்க ஊர் பிழைப்புல ஒரு பங்கு தனுஷ்கோடிக்குப் போயிடுச்சு (எங்க ஊர்ப் பெருசுங்க இத இன்னும் மறக்கல). இவ்வளவு விஷயம் ஒரே படத்துல இருக்கு, இவங்க ஊர் பேரையே மாத்திப் போட்டுட்டாங்க.

இதவிட மோசம் இன்னொன்னு. இடிஞ்சு போன தனுஷ்கோடி ஸ்டேஷன் படத்துக்கு "சுனாமியில் அழிந்த தனுஷ்கோடி". யப்பா. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்தது புயல். பாம்பன்லேர்ந்து கிளம்பின பாசஞ்சர் ரயில அப்படியே கடல் இழுத்துட்டுப் போச்சு, அதுல இருந்த நூத்துக்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தர்கூட மிஞ்சல. பாம்பன் பாலத்துலயும் பெரும்பாலான கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) விழுந்துடுச்சு, ரயில்வே எஞ்சினியர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல மறுபடி தூக்கி நிறுத்தினாங்க. சுனாமி வந்தது அதுக்கு 40 வருஷம் கழிச்சு, 2004-ல. இது கவனக்குறைவுகூட இல்ல, யாரும் படிச்சே பாக்கல.

தூத்துக்குடி படங்கள் நாலு இருக்கு. பனிமய மாதா கோயில் படம் சரி, பீச் ரோடு படம் சரி, பஞ்சு மூட்டை அடுக்கி வெச்ச கிடங்கு படம் ரொம்பப் பிடிச்சுது. நாலாவது படம், பெரிய ஸ்டீமர் ஒன்னு வார்ஃப ஒட்டி நிக்குது, பின்னாடி வரிசையா கிரேன், கீழ "வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல், தூத்துக்குடி, 1907". எங்க ஊர்க்காரங்க இதப் பாத்தா சிரிப்பாங்க. அந்தக் காலத்துல தூத்துக்குடில எந்தப் பெரிய கப்பலும் கரைய ஒட்டி வந்ததே கிடையாது, கரையோரம் அவ்வளவு ஆழம் இல்ல, கப்பல் மைல் கணக்குல தள்ளி கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கும் ஆளும் தோணிலயும் சின்ன நீராவி லாஞ்ச்லயும்தான் போய் வரணும். பெரிய கப்பல் கரையில வந்து கட்டற மாதிரி துறைமுகம் கட்டி மேஜர் போர்ட்டுன்னு அறிவிச்சது 1974-ல. வ.உ.சி. 1906-ல கம்பெனி ஆரம்பிச்சு மறு வருஷம் காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் கொண்டு வந்தார், அது ரெண்டும் இதே தோணி முறையிலதான் ஆள் ஏத்துச்சு. அப்ப இந்தப் படம் எந்த ஊரா வேணா இருக்கட்டும், எங்க ஊர் இல்ல. வ.உ.சி. பேரப் போட்டா வித்துடும்ங்கறது புரியுது, அதுக்காக அவர் பேரையே இப்படிப் போடறது நல்லால்ல.

மெட்ராஸ் படங்கள்ல மசூலா படகு ஒன்னு அட்டகாசம். துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி கப்பல்லேர்ந்து கரைக்கு வரணும்னா இதுலதான் வரணும், அலைல அடிபட்டு பிளந்துடக்கூடாதுன்னு ஆணியே அடிக்காம பலகைகள தென்னங்கயித்தால தைச்சிருப்பாங்க, அந்தத் தையல் இந்தப் பிரிண்ட்ல தெளிவா தெரியுது. 1876-ல ஆரம்பிச்ச துறைமுகச் சுவத்த 1881 புயல் பிச்சுப் போட்ட கதையும் படமா இருந்தா செட்டு இன்னும் நல்லா இருந்திருக்கும், அது இல்ல. பாண்டி பையர் படம் சுமார். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை எல்லாரும் போடற அதே கோணம், அதுக்குப் பதிலா மாயவரம்–தரங்கம்பாடி ரயில் ஓடின காலத்து ஸ்டேஷன் படம் ஒன்னு போட்டிருக்கலாம், அந்த லைன்ல ரயில் நின்னு பல வருஷம் ஆச்சு, அதத்தான் ஜனங்க தேடறாங்க.

இப்ப நாகப்பட்டினத்துக்கு வரேன், கலர் பஞ்சாயத்து இங்கதான். செட்ல அஞ்சு படத்துக்கு ஏஐ வெச்சு கலர் அடிச்சிருக்காங்க, அதுல ஒன்னு ரஜூலா கப்பல். நாகைலேர்ந்தும் மெட்ராஸ்லேர்ந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆள் ஏத்திட்டுப் போன கப்பல், 1926-ல கிளாஸ்கோவுல கட்டினது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது, ஆரம்பத்துல 5,000-க்கு மேல டெக் பாசஞ்சர் (கேபின் இல்லாம தளத்துலயே போறவங்க) ஏத்த லைசன்ஸ் இருந்துச்சு. தஞ்சாவூர், நாகை, சிவகங்கைப் பக்கம் எத்தனையோ வீட்டுல தாத்தாவோ அவர் அப்பாவோ இதுல போனவங்க. அந்தக் கம்பெனி கப்பல்னா புகைக்குழாய் கறுப்பு, அதுல ரெண்டு வெள்ளை வளையம், அதான் அடையாளம், தூரத்துலேர்ந்தே சொல்லிடலாம். ஏஐ என்ன பண்ணியிருக்குன்னா குழாய செக்கச்செவேல்னு ஆக்கி, ஒரு வளையத்த அழுக்குன்னு நினைச்சு துடைச்சே விட்டுடுச்சு. டெக்ல நிக்கற அத்தனை பேர் வேட்டியும் ஒரே நீலம். இப்ப இந்தக் கப்பல் ரஜூலாவே இல்ல, வேற ஏதோ கம்பெனி கப்பல். சிங்கப்பூர்ல இருக்கற சொந்தக்காரருக்கு கிஃப்ட் குடுக்கலாம்னு நினைச்சிருந்தேன், அவர் அந்தக் கப்பல்லயே போனவர், எப்படிக் குடுக்கறது.

நியாயமா ஒன்னு சொல்லணும், நூறு வருஷம் முன்னாடி வந்த கலர் போஸ்ட்கார்டும் பெரும்பாலும் இதே லட்சணம்தான், ஜெர்மனில உக்காந்து நம்ம கடற்கரையக் கண்ணால பாக்காதவங்க கலர் போட்டு அச்சடிச்சதுங்க. ஆனா அவங்க கலர் மட்டும்தான் போட்டாங்க, வளையத்தத் துடைக்கல.

அடுத்தது வெட்டறது. பழைய கண்ணாடி நெகட்டிவ் ஃபுல் பிளேட்னா எட்டரைக்கு ஆறரை இஞ்ச், இவங்க பிரிண்ட் 12-க்கு 8, ரெண்டும் ஒரே விகிதம் இல்ல, அதனால மேலயோ கீழயோ வெட்டியே ஆகணும். இவங்க எல்லாப் படத்துலயும் கீழ வெட்டியிருக்காங்க. அங்கதான் ஸ்டூடியோ பேரும் நெகட்டிவ் நம்பரும் வெள்ளை எழுத்துல இருக்கும், மெட்ராஸ்ல வீல் அண்ட் க்ளைன், நிக்கலஸ், கொழும்புல ப்ளாட்டே மாதிரி கம்பெனிங்க. எடுத்தது யாரு, ஏறக்குறைய எப்பன்னு கண்டுபிடிக்க இருக்கற நல்ல துப்பு அந்த ஓரம். அத வெட்டித் தூக்கிட்டு, அதே இடத்துல கடை லோகோவ அடிச்சிருக்காங்க! பெரும்பாலும் காப்பிரைட் முடிஞ்சு பொதுவுக்கு வந்த படங்கள், பிரிண்ட் போட்ட கூலிய வாங்கிக்கங்க, யாரும் வேணாம்னு சொல்லல, படத்து மேல எதுக்கு முத்திரை. நாலு பக்கமும் வெள்ளை விட்டு முழுப்படத்தையும் போட்டிருந்தா ஃப்ரேம் போடவும் அழகா இருந்திருக்கும்.

கடைக்கு மெசேஜ் போட்டேன், தலைமன்னார், சுனாமி, ரஜூலா எல்லாத்தையும் விவரமா எழுதினேன். பதில் மரியாதையாத்தான் வந்துச்சு. கலர்தான் சார் மூவ் ஆகுது, கறுப்பு வெள்ளைய யாரும் கேக்கறதில்லைன்னாங்க. ஆனா ரஜூலாவோட ஒரிஜினல் கறுப்பு வெள்ளை பிரிண்ட காசு வாங்காம அனுப்பி வெச்சாங்க, ரெண்டு வளையமும் பளிச்சுன்னு இருக்கு, அதுதான் இப்ப சிங்கப்பூர் போகுது. சுனாமிய மாத்தறோம்னு சொன்னாங்க, இத எழுதற வரைக்கும் லிஸ்டிங்ல அப்படியேதான் இருக்கு. தலைமன்னாருக்கு பதிலே இல்ல.

வாங்கறதா இருந்தா செட்டா வாங்காதீங்க. கேட்டா தனிப் பிரிண்டும் தராங்க, ஒன்னு 150 ரூபா. பாம்பன், மசூலா, தூத்துக்குடி பஞ்சுக் கிடங்கு, அப்புறம் அந்தத் தலைமன்னார் பையர், இந்த நாலும் கண்ண மூடிட்டு வாங்கலாம். கலர் அடிக்காததுதான் வேணும்னு எழுதியே கேளுங்க, சுருட்டாம அட்டைக்கு நடுவுல வெச்சு அனுப்பச் சொல்லுங்க, கூரியர் 60, 70 ரூபா கூட ஆகும். கீழ இருக்கற எழுத்து வெள்ளை பார்டர்லதான் இருக்கு, ஃப்ரேம் கடையில சொன்னா மவுண்ட் அட்டைய அரை இஞ்ச் ஏத்தி வெச்சு மறைச்சுத் தருவாங்க.