நனைத்தால்தான் வழுக்கும் நூல்: சிசேரியன் தையலில் என் நீண்டநாள் அனுபவம்

சென்ற வாரம் அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்ததும் பயிற்சி மருத்துவர் ஒருவர், "மேடம், கருப்பையைத் தைக்க எந்த நூல்தான் நல்லது? ஆளுக்கொன்று சொல்கிறீர்களே" என்று கேட்டார். ஊசித் துளைகளில் கசிந்த இரத்தத்தை நிறுத்த எட்டு வடிவத்தில் மூன்று தையல்களைக் கூடுதலாகப் போட்டுவிட்டு அப்போதுதான் கையுறையைக் கழற்றியிருந்தேன். அதனால் நான் சொன்ன பதிலில் நியாயத்தைவிட எரிச்சலே அதிகம் இருந்தது. இப்போது ஆற அமர எழுதுகிறேன். ஆனாலும் அந்த எரிச்சல் முழுதாக அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நான் தொழில் பழகியது குரோமிக் கேட்கட்டில். ஆடு, மாடுகளின் குடல் திசுவிலிருந்து எடுத்து, உடலில் சீக்கிரம் கரைந்துவிடாமலிருக்க குரோமிய உப்பில் பதப்படுத்திய நூல் அது. உறையிலிருந்து ஈரத்தோடு வெளிவரும். தசைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சற்று நேரம் வெளியே கிடந்தால் விறைத்துவிடும், முடிச்சை இறுக்கும் நேரத்தில் பட்டென்று அறுந்தும் போகும். உடலின் நொதிகள்தான் அதைக் கரைக்கின்றன என்பதால் கிருமித் தொற்று உள்ள இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதைக் கைவிட்டதில் எனக்கு வருத்தமில்லை, அந்த வழுக்கல் ஒன்றைத் தவிர.

அதன் இடத்தில் வந்தது பாலிகிளாக்டின் 910 என்ற, உடலில் கரையும் செயற்கை நூல். ஒன்றாம் எண் தடிமனுள்ள நூல், 40 மி.மீ. அரைவட்ட உருண்டை ஊசி. இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு வலு மிச்சமிருக்கும், மூன்று வாரத்தில் பாதி, நான்கு வாரத்தில் கால் பங்கு. 56 முதல் 70 நாளுக்குள் நீராற்பகுப்பால், அதாவது உடலிலுள்ள நீரால் சிதைந்து, கரைந்துவிடும். போட்ட முடிச்சு போட்டபடி நிற்கும். இத்தனை ஆண்டுகளில் நான் போட்ட முடிச்சு ஒன்றாவது அவிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

என் குறை அதன் பின்னலில்தான் இருக்கிறது. பல இழைகளைப் பின்னிச் செய்த நூல் என்பதால், மேலே பூச்சு இருந்தாலும், திசுவினூடே இழுக்கும்போது அது நுண்ணிய அரம்போல உராய்கிறது. தடித்த தசையில் இது தெரியாது. நெடுநேரம் வலி கண்டு, கருப்பையின் கீழ்ப்பகுதி மெலிந்து தாள்போல் ஆகிவிட்ட பெண்ணிடம்தான் தெரியும். ஊசி சுத்தமாக உள்ளே போய் வெளியே வருகிறது. பின்னால் நூல் வரும்போது துளையின் விளிம்பு கூடவே எழும்பி, ஒரு கணம் நின்று, பிறகு நூலை விடுகிறது. அந்த ஒரு கணத்தில் வட்டமாக இருந்த துளை சிறு கீறலாக நீள்வதைக் கண்ணால் பார்க்கலாம். உதவியாளர் நூலை இறுக்கிப் பிடித்தால் கீறல் இன்னும் நீளும். தளர விட்டால் தையல் உட்காராது. நூலைச் சலைன் என்ற உப்புநீரில் நனைத்துக்கொண்டால் இந்த இழுவை பாதியாகக் குறைகிறது. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மூத்த செவிலியர் ஒருவர் கேளாமலே நனைத்துக் கொடுத்த நாளில்தான் எனக்கு உறைத்தது.

இந்த எரிச்சல்தான் என்னைப் பாலிகிளிகாப்ரோன் 25 பக்கம் தள்ளியது. ஒற்றை இழை நூல். முதல்முறை மெலிந்த கீழ்ப்பகுதியில் அதை இழுத்தபோது, கேட்கட்டோடு போய்விட்டது என்று நினைத்த வழுக்கல் திரும்பிவந்ததை விரல் உடனே உணர்ந்தது. துளை துளையாகவே நின்றது. கசிவுக்காகப் போடும் கூடுதல் தையல்கள் என் கையில் கண்கூடாகக் குறைந்தன. ஆனால் இந்த நூல் உறைக்குள் சுருண்டு கிடந்த வடிவத்தை மறப்பதில்லை; நீவி விட்டாலும் மீண்டும் சுருளும். முடிச்சுக்குக் கூடுதலாக இரண்டு சுற்று போடாமல் மனம் அமைதி அடைவதில்லை. வலுவும் வேகமாகக் குறைகிறது: சாயமேற்றிய நூலில் முதல் வார முடிவில் 60 முதல் 70 சதவீதம், இரண்டாம் வார முடிவில் 30 முதல் 40 சதவீதம்தான் மிஞ்சும்.

அது போதுமா என்ற கேள்விக்குக் கருப்பையைத்தான் பார்க்க வேண்டும், நூலை அல்ல. குழந்தை பிறந்ததும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை ஒரே வாரத்தில் பாதியாகி, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. நாம் இறுக்கித் தைத்த தையல் சில நாள்களிலேயே தானாகத் தளர்ந்துவிடும், ஏனென்றால் அது பிடித்திருந்த தசையே சுருங்கிவிடுகிறது. இப்படித் தானாகச் சுருங்கும் உறுப்புக்குத் தையலே வேண்டாம் என்று ஒரு காலத்தில் வெட்டிய கருப்பையை அப்படியே விட்டார்கள். பல தாய்மார்கள் இரத்தப்போக்கிலும் தொற்றிலும் இறந்தார்கள். 1882இல் மாக்ஸ் சேங்கர் வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் கொண்டு தைத்தே தீர வேண்டும் என்று வலியுறுத்திய பிறகுதான் நிலை மாறத் தொடங்கியது. ஆகவே நூல் முக்கியமாக உழைக்க வேண்டியது முதல் சில நாள்கள் என்றும், அதற்குப் பாலிகிளிகாப்ரோன் தாராளமாகப் போதும் என்றும் நான் நம்புகிறேன்.

இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏறத்தாழ 16,000 பெண்களைக் கொண்டு, சிசேரியனின் ஐந்து நுட்பங்களை ஒப்பிட்ட கொரோனிஸ் ஆய்வு 2013இல் வெளிவந்தது. கருப்பைக்குக் குரோமிக் கேட்கட்டா, பாலிகிளாக்டினா என்பது அவற்றில் ஒன்று. முதன்மை விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் வந்த தொடர் கண்காணிப்பு முடிவிலும் இல்லை. அதைப் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. என் விரலுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் வேறுபாடு அந்தத் தாய்மாரின் உடல்நலக் கணக்கில் தெரியவில்லை என்றால், நான் புலம்புவது பெரும்பாலும் என் வசதியைப் பற்றித்தான் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒற்றை இழை நூல் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நுண்ணிய முள்களால் திசுவைத் தானே பற்றிக்கொள்ளும் முள் நூலைச் சில முறை பயன்படுத்தினேன். முடிச்சே வேண்டாம், நேரம் குறைகிறது, உண்மைதான். தவறாகப் போட்ட தையலைப் பின்னுக்கு இழுத்து எடுக்க முடியாது என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

இவ்வளவும் எழுதிய பின் அந்தப் பயிற்சி மருத்துவருக்கு நான் பாலிகிளிகாப்ரோனைத்தான் பரிந்துரைப்பேன் என்று படிப்பவர் எதிர்பார்க்கலாம். என்னால் முடியவில்லை. நள்ளிரவில், இரத்தம் நிற்காமல் வரும் கருப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு முடிச்சு போடும்போது, இது அவிழாது என்ற உறுதியைப் பாலிகிளாக்டின் மட்டுமே எனக்குக் கொடுத்திருக்கிறது. மெலிந்த கீழ்ப்பகுதி இருக்கும் என்று முன்பே தெரிந்த, நிதானமாகத் தைக்க நேரமுள்ள அறுவைக்கு மட்டும் ஒற்றை இழையைக் கேட்கிறேன். நேற்றுக் காலை செவிலியர் கேட்டபோதும் என் வாயில் வந்தது பழைய பதில்தான்: ஒன்றாம் எண் பாலிகிளாக்டின், கூடவே ஒரு கிண்ணத்தில் சலைன்.