"இன்சூரன்ஸ் நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்: முன்கண்ணாடி மாற்றப் போய் 14,500 ரூபாய் இழந்த கதை

இன்றோடு 41 நாள். 14,500 ரூபாய் இனி திரும்பாது என்று இன்று மதியம்தான் தெளிவாயிற்று. கொஞ்சம் ஆறவிட்டு எழுதுங்கள் என்றாள் மனைவி. ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். காரின் முன்கண்ணாடியில் கீறல் விழுந்து எங்கே போய் மாற்றலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சமயபுரத்தில் அம்மாவின் வேண்டுதலை முடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டியதும் முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர். மேலே தார்ப்பாய் இல்லை. முந்திப் போய்விடலாம் என்று பக்கத்தில் ஏறும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம், வைப்பருக்கு ஒரு சாண் மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு. நல்ல வெயில். உள்ளே ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துவரங்குறிச்சி வருவதற்குள் அந்த நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பிவிட்டது. மறுநாள் காலை பார்த்தால் கோடு கண்ணாடியின் ஓரம் வரை ஓடியிருந்தது.

பொத்தான் அளவில் இருக்கும்போதே ரெசின் ஊற்றி அடைத்திருக்கலாம், சில நூறு ரூபாயோடு போயிருக்கும், வெயிலும் ஏசிக் குளிரும் சேர்ந்துதான் கோடு ஓடியது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஓரத்தைத் தொட்டுவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அம்மாவுக்கு வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஐந்து நாள் வண்டி இல்லாமல் முடியாது. சீட் கவர், கண்ணாடி, மியூசிக் சிஸ்டம் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு மெயின் ரோட்டில் கார் கண்ணாடிக் கடை ஒன்று கண்ணில் பட்டது. பெயரைச் சொல்ல மாட்டேன். வாசலில் 'அனைத்து இன்சூரன்ஸ் கிளெய்மும் செய்து தரப்படும்' என்று பெரிய போர்டு. உள்ளே சுவர் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சின்னங்கள். அந்தச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அங்கிருந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பிவிட்டு, "அம்மா, டீ சாப்பிடுறீங்களா, சுகர் இருக்கா?" என்று கேட்டார். பாலிசி பேப்பரை வாங்கிப் பார்த்தார். நான் நம்பியது அந்த இடத்தில்தான்.

"அண்ணே, இது ஃபுல் இன்சூரன்ஸ்தான், வெறும் தேர்ட் பார்ட்டி இல்ல. தேர்ட் பார்ட்டின்னா ஒரு ரூபா கிடைக்காது. கண்ணாடிக்குத் தேய்மானமே கழிக்க மாட்டாங்க. உங்க வண்டி 1500 சிசிக்குள்ள, அதனால ஆயிரம் ரூபாதான் உங்க கைக்காசு. மிச்சம் 13,500 உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துரும்."

இதில் பாதி உண்மை, அதனால்தான் விழுந்தேன். பாலிசியில் அப்படித்தான் இருக்கிறது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், கண்ணாடிக்குத் தேய்மானம் பூஜ்யம். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. வீட்டுக்கு வந்து பாலிசியைப் புரட்டினேன், அவர் சொன்ன எண்கள் அப்படியே இருந்தன. விஷயம் தெரிந்தவர், நேர்மையானவர் என்று மனது முடிவு கட்டிவிட்டது.

என்சிபி, அதாவது கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடுமே என்று கேட்டேன். நாலரை வருஷமாக ஒரு கிளெய்மும் போடாமல் 45 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறேன். "கண்ணாடி கிளெய்முக்கு என்சிபி போகாதுண்ணே" என்றார். கம்பெனிக்கு நானே ஒரு போன் போட்டுவிடட்டுமா என்றேன். "நீங்க போட்டீங்கன்னா கால் சென்டர்ல ஆயிரம் கேள்வி கேட்டுக் குழப்பிருவாங்க. சேதத்தைப் பாக்குற சர்வேயர் நம்மாளுதான். நான் போட்டோ எடுத்து அனுப்பிர்றேன்." என் கண் முன்னாலேயே உடைந்த கண்ணாடியை நாலு கோணத்தில் படம் எடுத்தார். ஆர்சி, லைசென்ஸ், பாலிசி எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். கண்ணாடி 12,000, பசை, பீடிங் (கண்ணாடி ஓரத்து ரப்பர்), லேபர் 2,500, ஆக 14,500. ஜிபேயில் அனுப்பினேன். போனது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனிநபர் பெயருக்கு. பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்து வண்டியை எடுத்துப் போகலாம் என்றார்கள். உள்ளே ஏறியதும் புளித்த காடி (வினிகர்) வாடை மூக்கில் ஏறியது. "புதுப் பசைண்ணே, ரெண்டு நாள்ல போயிரும்." பழைய கண்ணாடியிலிருந்து ஃபாஸ்டேகைப் பிய்த்து எடுத்து, செலோடேப் போட்டுப் புதுக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தார்கள். அடுத்த முறை சிட்டம்பட்டி டோலில் அது வேலை செய்யவில்லை, அதற்கு ஒரு தண்டம். அதை விடுங்கள்.

பதினைந்து நாளில் பணம் வரும் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு கிளெய்ம் நம்பரும் அனுப்பினார்.

பதினாறாவது நாள் கேட்டேன். "சர்வேயர் லீவுண்ணே." மூன்று நாள் கழித்து, "ஆன்லைன் சர்வர் டவுன்." அதற்கப்புறம், "ஃபைல் அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல இருக்கு." அதற்கும் பிறகு, "தீபாவளி முடியட்டும்ணே, எல்லாரும் லீவுல இருக்காங்க." முதலில் ஒரே ரிங்கில் எடுத்தவர் பிறகு மூன்றாவது தடவைக்கு எடுத்தார், அப்புறம் எடுப்பதே இல்லை. புளூ டிக் மட்டும் விழும். நேரில் போனேன். வேறொரு பையன் இருந்தான், ஓனர் வெளியூர் போயிருக்கார் என்றான். இரண்டாவது முறை போனபோதும் அதையே சொன்னான். கடைக்குள் பின்பக்கம் அவருடைய குரல் கேட்டது. அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்த அதே குரல்.

அன்றைக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். முதல் நாள் போட்டிருக்க வேண்டிய போன். பேசிய பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்க பாலிசியில இந்த வருஷம் எந்த கிளெய்மும் பதிவாகல. நீங்க சொல்ற நம்பர் எங்க நம்பரே இல்ல."

இப்போதாவது பதியலாமா என்றேன். முடியாது என்றார். மாற்றுவதற்கு முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஆள் நேரில் வந்தோ, ஆப்பில் வீடியோ எடுக்கச் சொல்லியோ சேதத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடைந்த கண்ணாடி வண்டியிலேயே இருந்திருக்க வேண்டும். என் வண்டியில் புதுக் கண்ணாடி இருக்கிறது, பழையது குப்பைக்குப் போய்விட்டது, பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. பில் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, வண்டி எண்கூட இல்லை. கண்ணாடி ஒன்று 14,500 என்று பேனாவால் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்னது பாலிசியில் உள்ள விதி.

என்சிபியையும் கேட்டேன். கண்ணாடிக்குப் போட்டாலும் கிளெய்ம் கிளெய்ம்தான், என்சிபி பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதற்கென்று தனியாக ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பாதுகாப்பு) எடுத்திருந்தால்தான் தப்பும் என்றார். என் பாலிசியில் அது இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். தள்ளுபடி கிடைப்பது சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும், எனக்கு அது சுமார் 8,000 ரூபாய். கிளெய்ம் போடாமல் இருந்தால் அடுத்த வருஷம் 50 சதவீதம். போட்டால் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாக ஏறி மறுபடி 50ஐத் தொட வேண்டும். இழக்கும் சதவீதங்களைக் கூட்டினால் 125 வருகிறது, அதாவது ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 10,000 ரூபாய். முறையாகக் கிளெய்ம் போட்டிருந்தாலே பீடிங்கில் பாதி, பசை, கட்டாயக் கழிவு எல்லாம் போகக் கிட்டத்தட்ட 12,000தான் கைக்கு வந்திருக்கும். இந்தக் கணக்கை அவர் சொல்லியிருந்தால் நிதானமாக யோசித்திருப்பேன். ஐந்து நாள் காத்திருந்து சர்வீஸ் சென்டரிலேயே சொந்தக் காசில் மாற்றியிருப்பேன், நல்ல கண்ணாடியாவது கிடைத்திருக்கும்.

ஏனென்றால் பணத்தோடு போகவில்லை விஷயம். போன வாரம் மழை பெய்தது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே ஈர வாடை. கண்ணாடியின் இடது மேல் மூலையிலிருந்து கண்ணாடியை ஒட்டிய தூணின் துணி உறை வழியாகத் தண்ணீர் இறங்கி, டேஷ்போர்டு மேல் குட்டையாக நின்றது, சொட்டுச் சொட்டாக அம்மாவின் சீட்டில் விழுந்துகொண்டிருந்தது. சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனேன். அங்கே ஒரு வயதான ஃபோர்மேன், வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கைக் கழற்றி, கண்ணாடி ஓரத்தை விரலால் அழுத்திக் காட்டினார். ரப்பர் மாதிரி வெள்ளையாகப் பிய்ந்து வந்தது. "இது பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கான் சார். காடி வாடை அடிச்சிருக்குமே?" அடித்தது. அப்போதே எனக்குத் தெரிந்திருந்தால்!

கண்ணாடியைப் பிடிக்க வேண்டியது யூரித்தேன் பசை. பழைய பசையைச் சீவி, பிரைமர் பூசி, அதன் மேல் இதைப் போட்டு, இறுகும் வரை சில மணி நேரம் வண்டியை நகர்த்தக் கூடாது. பிறகு கண்ணாடியின் கீழ் மூலையைக் காட்டினார். ஒரிஜினலில் கார் கம்பெனியின் சின்னமும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கும். என் கண்ணாடியில் எதுவுமே இல்லை, மொட்டையாக இருந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சார், பக்கத்து சீட் ஏர்பேக் விரிஞ்சா இந்தக் கண்ணாடியில மோதி, அது தாங்குற பலத்துலதான் ஆள் பக்கம் திரும்பும். இந்த ஒட்டுக்குக் கண்ணாடி கழண்டு வெளிய போயிரும்."

பக்கத்து சீட்டில் உட்காருவது என் அம்மா. 73 வயது. 14,500 ரூபாயை வாங்கிக்கொண்டு இதைத்தான் மாட்டி அனுப்பியிருக்கிறான். அவர் இவர் என்று இனி மரியாதை கொடுக்க எனக்கு மனமில்லை.

இப்போது சிலிக்கானைத் துளி விடாமல் சுரண்டி எடுத்தால்தான் நல்ல பசை பிடிக்கும். மறுபடி ஒரு முழுச் செலவு. ஒட்டு சரியில்லாததற்கு இன்சூரன்ஸ் வராது, அது விபத்துச் சேதம் இல்லை. இன்று மதியம் கடைசியாக ஒருமுறை கடைக்குப் போனேன். இந்தத் தடவை ஆள் இருந்தான். என் முகத்தைப் பார்த்து, "கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா நாங்க என்னண்ணே பண்றது, கண்ணாடி போட்டுக் குடுத்தோம்ல" என்றான். போடாத கிளெய்ம் எப்படி ரிஜெக்ட் ஆகும் என்று கேட்டேன். உள்ளே எழுந்து போய்விட்டான்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒரு விரல் படுவதற்கு முன்னால் பாலிசியில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, கிளெய்ம் எண் உங்கள் போனுக்கே வர வையுங்கள். கேஷ்லெஸ் (கம்பெனியே கடைக்கு நேராகப் பணம் கட்டுவது) என்றால் அந்தக் கடை இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனியிடமே கேளுங்கள். முழுக் காசையும் முதலில் கட்டு, பிறகு வரும் என்றால் அது கேஷ்லெஸ் இல்லை. ஜிஎஸ்டி எண்ணும் வண்டி எண்ணும் போட்ட பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். மூலையில் முத்திரை பாருங்கள். காடி வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். ஜிபே ரசீது, அந்த எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப்பில் வந்த போலி கிளெய்ம் நம்பர், ஃபோர்மேன் எழுதிக் கொடுத்த தாள் நான்கும் பத்திரமாக இருக்கின்றன. உதவி எண்ணில் இருப்பவர்கள் கடையிடம் பேசிப் பார்த்து நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 14,500 ரூபாய்க்கும் அம்மாவின் உயிரோடு விளையாடியதற்கும் சேர்த்து மனு போடப் போகிறேன். மதுரையில் இதே மாதிரி 'கிளெய்ம் போட்டுத் தர்றோம்' என்று கையெழுத்து வாங்கிய கடையில் யாராவது மாட்டியிருந்தால், உங்கள் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.