ரிங் கேப் அராவும் கைக்கருவி: அம்பாசடர் எஞ்சினுக்கு வாங்கலாமா?

மேசையில் போல்ட் போட்டு இறுக்கும் சிறிய அலுமினிய அடித்தட்டு, கைப்பிடியைச் சுற்றினால் சுழலும் 120 கிரிட் (சொரசொரப்பு அளவு) மெல்லிய சக்கரம், ரிங்கைத் தாங்க இரண்டு பின். பிஸ்டன் ரிங் கேப் அராவுவதற்கென்று விற்கும் கருவியில் இருப்பது இவ்வளவுதான். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம்தான் ரிங், அதன் இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி கேப். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்தே இதை எடைபோடலாம்.

வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. தட்டை அரத்தில் தேய்த்தால் ரிங் முனை சாய்ந்துவிடும். இதில் நேராக வரும். மலிவான வகைகளில் ரிங்கைத் தாங்கும் பின்கள் ஆடும் என்பதுதான் குறை. அராவிய பிறகு இரு முனைகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி ஒரு பக்கம் அகலமாகத் தெரிந்தால் முனை கோணல். சக்கரம் ரிங்கின் வெளிமுகத்திலிருந்து உள்ளே நோக்கி வெட்ட வேண்டும். மாற்றிச் சுற்றினால் குரோம் பூச்சு ஓரத்தில் பெயரும். ஒரு முனையை மட்டும் அராவுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பிசிறை மென்மையான எண்ணெய்க்கல்லில் எடுத்துவிட வேண்டும்.

இந்த எஞ்சினின் ஸ்டாண்டர்ட் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம், 73.025 மி.மீ., கேப் 0.20 முதல் 0.33 மி.மீ. வரை. ரிங்கைப் போரில் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக விட்டுத் தள்ளினால் ரிங் சாயாமல் உட்காரும். அதன்பிறகே ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டு அளக்க வேண்டும். கேப் 0.05 மி.மீ. கூடினால் பெரிய நஷ்டமில்லை. குறைந்தால்தான் ஆபத்து. சூட்டில் விரியும் ரிங்கின் முனைகள் ஒன்றையொன்று முட்டும், போரில் கோடு விழும், ரிங்கே உடையும்.

ஆனால் நீலப் புகை விடும் பெரும்பாலான பழைய வண்டிகளில் கேப் குறைவாக இருப்பதில்லை, அளவுக்கு மேல் திறந்து கிடக்கிறது. இந்தக் கருவியால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. போரின் விட்டம் 0.10 மி.மீ. தேய்ந்தால் கேப் 0.31 மி.மீ. விரியும், விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள கணக்குதான். அந்தத் தேய்மானமும் சீராக இராது. எரியும் சூடும் எண்ணெய்ப் பற்றாக்குறையும் சேருவதால் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் போர் அதிகம் தேயும்.

இங்கேதான் ஒரு குறுக்குவழி நடமாடுகிறது: ரீபோர் (தேய்ந்த போரைச் சீராகக் கடைந்து பெரிதாக்குவது) செலவை மிச்சம் பிடிக்க, ஓவர்சைஸ், அதாவது ஸ்டாண்டர்டைவிடப் பெரிய ரிங்கை வாங்கி அராவிப் போடுவது. மேலே 0.15 மி.மீ. தேய்ந்த போரில், அந்த இடத்திலேயே 0.25 மி.மீ. கேப் வைத்தால், தேயாத அடிப்பகுதிக்கு ரிங் இறங்கும்போது 0.47 மி.மீ. சுருங்க வேண்டும். அதற்கு இடமேது? முனைகள் முட்டிவிடும். கீழே சரியாக வைத்தாலோ மேலே 0.72 மி.மீ. திறந்து நிற்கும். போதாக்குறைக்கு, போரின் உச்சியில் தேயாமல் மேடாக நிற்கும் வரம்பில் புது ரிங்கின் விளிம்பு இடித்து உடையவும் கூடும்.

ஆகவே ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போடுபவருக்கு மட்டுமே இது தேவை. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 12 கம்ப்ரஷன் ரிங் (வாயு கசியாமல் அடைப்பவை), ஒவ்வொன்றையும் அது போகும் போரிலேயே அளந்து தனித்தனியாக அடையாளமிட வேண்டும். ஒரே ஒரு எஞ்சினுக்காக என்றால் நல்ல ஃபீலர் கேஜ் மட்டும் வாங்கி, அராவும் வேலையை லேத் பட்டறையில் முடித்துக்கொள்வது லாபம். வாங்கியே தீர்வது என்றால் கடையிலேயே சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.