மேசையும் சேர்ந்து பாடியபோது: மானிட்டர் ஸ்பீக்கருக்கு அடியில் ஐந்து வருடம்

என்னிடம் இருப்பவை 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு) கொண்ட ஒரு ஜோடி மானிட்டர்கள், அதாவது பாட்டை மிக்ஸ் செய்யும்போது கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோ. முதல் சில மாதங்கள் அவை நேராக மேசை மேல்தான் உட்கார்ந்திருந்தன. பாஸ் (தாழ்ந்த ஒலி) அள்ளுகிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தேன். ஆனால் அங்கே திருப்தியாக முடித்த மிக்ஸைக் காரில் போட்டால் கிக் டிரம்மும் பாஸ் கிட்டாரும் மெலிந்து கிடக்கும். மேசை கூட்டிக் கொடுத்ததை நான் பாட்டிலிருந்து கழித்திருக்கிறேன்!

ஒரு நாள் சைன் ஸ்வீப்பை (தாழ்விலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி) ஓடவிட்டு மேசையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். 120 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பலகை கிர்ரென்றது, பேனா டப்பா சலசலத்தது. வூஃபர் முன்னால் பாயும்போது பெட்டி பின்னால் உதைபடுகிறது. அந்த உதை அடிப்பக்கம் வழியாக மேசைக்கு இறங்குகிறது. அகலமான, மெல்லிய பலகை என்றால் கேட்கவே வேண்டாம், அதுவே இன்னொரு ஸ்பீக்கர்தான்.

முதலில் ஃபோம் பேட் வாங்கினேன். வைத்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. எல்லாம் அதிர்வு குறைந்ததால்தான் என்று நம்பி நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. பேட் ஆப்பு வடிவில் இருந்ததால் ஸ்பீக்கர் உயர்ந்து, ட்வீட்டர் (கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன கூம்பு) காதைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. சரி என்று அதே உயரத்துக்கு, அதே சாய்வில் மரக்கட்டை அறுத்து வைத்துக் கேட்டேன். குரலில் கிடைத்த தெளிவில் பெரும்பங்கு கட்டையிலும் அப்படியே இருந்தது. பாஸின் தடிப்பு மட்டும் திரும்பி வந்துவிட்டது. ஆக, இரண்டு வேறு வியாதிகளுக்கு ஒரே மாத்திரை தின்றிருக்கிறேன்.

குரல் கலங்கியதற்குக் காரணம் மேசையின் எதிரொலி. ஸ்பீக்கர் 1 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவும் காதும் மேசைக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன என்று வையுங்கள். மேசையில் பட்டு வரும் ஒலி சுமார் 17 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கும். அது நேராக வரும் ஒலியோடு மோதி, 1000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குறைந்து பள்ளம் விழும். எந்த ரப்பரும் இதைச் சரிசெய்யாது. உயரமும் இடமும்தான் மாற வேண்டும்.

ஃபோம் இரண்டு வருடத்தில் தளர்ந்தது. பின்பக்கம் அதிகமாக அமுங்கி, ட்வீட்டர் என் தலைக்கு மேலே பார்க்க ஆரம்பித்தது. மெதுவாக நடந்ததால் நெடுநாள் கவனிக்கவே இல்லை.

அடுத்து சார்போத்தேன் (அதிர்வை உறிஞ்சும் ரப்பர் போன்ற பொருள்) அரைக்கோளங்கள், ஒரு ஸ்பீக்கருக்கு நான்கு. முதல் செட்டில் ஏமாந்தேன். கனமான பெட்டிக்கு உரியதை வாங்கிவிட்டேன், என் ஸ்பீக்கர் ஏறியும் அது அசையவில்லை. ரப்பரும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஒரு சுருள்வில்லும் எடையும் போல. அதற்கென்று ஓர் இயல் அதிர்வெண் உண்டு. அதைப்போல 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் தடுப்பு தொடங்கும். அதற்குக் கீழே தடுக்காது, அந்த இயல் அதிர்வெண்ணிலேயே அதிர்வைக் கூட்டவும் செய்யும். ரப்பர் விறைப்பாக இருந்தால் அந்த எண் மேலேறி பாஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் எடைக்கு ஏற்றதைத் தேடி இரண்டாவது செட் வாங்கினேன். இப்போது ஸ்வீப்பில் பலகை கிட்டத்தட்ட அமைதி. ஒரே குறை, பாலிஷ் போட்ட பரப்பில் எண்ணெய்க் கறை போல வட்டம் விழுந்தது. அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்துச் சமாளிக்கிறேன்.

கடந்த ஒன்றரை வருடமாக ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டில், மேசைக்குப் பின்னால். குழாய்க்குள் உலர்ந்த மணல் நிரப்பியதும் தட்டினால் கேட்கும் மணியோசை செத்துவிட்டது. கூடவே வந்த கூர்முனைகளைக் கழற்றி வைத்துவிட்டேன். அவை ஸ்டாண்டைத் தரையோடு இறுக்கிப் பிடிக்குமே தவிர அதிர்வைப் பிரிக்காது. அரைக்கோளங்கள் ஸ்பீக்கருக்கு அடியிலேயே தொடர்கின்றன. மேசையில் இருந்தபோது செய்த அளவுக்கு இங்கே அவற்றுக்கு வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறை முழங்குவது அப்படியே இருக்கிறது. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் சுற்றி வரும் உப்பலை ரப்பரிடம் கேட்டுப் பயனில்லை. கீழ்வீட்டுக்குப் போகும் பாஸும் முழுதாக நிற்கவில்லை, அதில் ஒரு பங்கு காற்று வழியாகவே போகிறதே.

சமீபத்தில் எங்கோ கிணுகிணு என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரைத்தான் முதலில் சந்தேகித்தேன். கடைசியில் அது மேசை இழுப்பறையில் கிடந்த சாவிக்கொத்து.