நிபந்தனையோடு கட்டாயம்: ஸ்பிரிங் பூட்டில் எந்த வழி?

ஜாவாவில் செயலி எழுத உதவும் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் இரண்டு அமைப்புகள்: மின்னஞ்சல் அனுப்புவதா என்று சொல்லும் ‘மெயில்.எனேபிள்டு’, மின்னஞ்சல் சர்வரின் முகவரியான ‘மெயில்.ஹோஸ்ட்’. முதலாவது ட்ரூ என்றால் இரண்டாவது இருந்தே ஆக வேண்டும். ஃபால்ஸ் என்றால் காலியாக இருந்தாலும் பாதகமில்லை. ஹோஸ்டின் தலையில் நேராக நாட்பிளாங்க் (காலியாக இருக்கக் கூடாது என்ற சோதனை) போட்டால், மின்னஞ்சலே அனுப்பாத சர்வரிலும் செயலி எழும்ப மறுக்கும். இந்த நிபந்தனையை எங்கே எழுதுவது? ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: செயலி எழும்பாமல் நிற்கும்போது, லாகைப் படிப்பவருக்கு எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று தெரிகிறதா?

பலரும் முதலில் கை வைப்பது, விடை ட்ரூவா என்று சோதிக்கும் அசர்ட்ட்ரூவில். பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) தரும் ஒரு மெத்தட், அதன்மேல் அந்த அனோடேஷன் (@ குறியோடு எழுதும் குறிப்பு). நான்கைந்து வரியில் முடிந்துவிடும். ஆனால் மெத்தடின் பெயர் ‘இஸ்ஹோஸ்ட்கிவன்’ என்றால், பிழையில் வரும் பிராப்பர்ட்டி ‘மெயில்.ஹோஸ்ட்கிவன்’. அப்படியொரு வரி அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் எங்கும் கிடையாது. அதைத் தேடி நான் ஒரு மணி நேரம் அலைந்திருக்கிறேன். மெசேஜில் உண்மையான பெயரை எழுதிவைத்தால் பாதி குறை தீரும். மீதிக் குறை இன்னும் மோசமானது: மெத்தடுக்கு ‘செக்ஹோஸ்ட்’ என்று பெயர் வைத்தால் சோதனைகளை நடத்தும் ஹைபர்னேட் வேலிடேட்டர் நூலகம் அதை கெட்டராகவே (புலத்தின் மதிப்பைத் தரும் மெத்தடாகவே) எண்ணாது. சோதனை சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

வகுப்பின்மேல் சொந்தமாக ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் (சோதனை விதி) எழுதலாம். ஐந்தாறு இடங்களில் இதே விதி வந்தால் உழைப்புக்குப் பலன் உண்டு. அப்போதும் இயல்பாக எழும் பிழையை முடக்கிவிட்டு, பிழையை ஹோஸ்ட் என்ற புலத்தோடு நீங்களே இணைக்க வேண்டும்.

அமைப்புகளை ஏற்கும் வகுப்பை ரெக்கார்டாக எழுதி, அதன் கன்ஸ்ட்ரக்டரில் எக்ஸெப்ஷன் எறிவது எளிது; ஆனால் முதல் தவறோடு நின்றுவிடும்.

பிழையில் தவறான பெயர் வருவது, முதல் தவறோடு நிற்பது என்ற இரண்டு குறைகளுக்கும் ஸ்பிரிங்கின் சொந்த வேலிடேட்டர் மருந்து. ரிஜெக்ட்வேல்யூ என்று அழைத்து ‘ஹோஸ்ட்’ எனப் புலத்தின் பெயரையே தரலாம்; தவறுகள் அனைத்தும் சேர்ந்து வெளிவரும். ‘கான்ஃபிகரேஷன்பிராப்பர்ட்டீஸ்வேலிடேட்டர்’ என்ற பெயரில் பீனாக (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் பொருளாக) அறிவிக்கும்போது அந்த மெத்தடை ஸ்டாட்டிக்காக வையுங்கள்.

வெறும் ஆன்–ஆஃப் விஷயத்துக்கு இவை எதுவுமே வேண்டாம் என்பேன். ஹோஸ்டும் போர்ட்டும் தனி வகுப்பாகட்டும். ‘மெயில்.எனேபிள்டு’ ட்ரூவா என்று பார்க்கும் கண்டிஷனல்ஆன்பிராப்பர்ட்டி போட்ட கான்ஃபிகரேஷன் வகுப்பில் மட்டும் அதை இயக்குங்கள். ஆஃப் என்றால் பீனே பிறக்காது, சோதனையும் நடக்காது. ஆன் என்றால் சாதாரண நாட்பிளாங்க் போதும், ‘மெயில்.ஹோஸ்ட்’ என்று பிழையில் அப்படியே வரும். இத்தகைய வகுப்புகளைத் தானே தேடிப் பதியும் கான்ஃபிகரேஷன்பிராப்பர்ட்டீஸ்ஸ்கேன் மட்டும் அந்தப் பேக்கேஜைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் கான்ஃபிகரேஷன் வகுப்பின் நிபந்தனையைக் கேட்காமலே பீனைப் பதிந்துவிடும்.

‘மெயில்.டைப்’ எஸ்எம்டிபி என்றால் ஹோஸ்ட், ஏபிஐ என்றால் சாவி எனப் பல கிளைகள் ஒரே வகுப்புக்குள் வரும்போது மட்டும் நான் வேலிடேட்டருக்குத் திரும்புகிறேன்.