காட்பாடியில் குடும்பத்தோடு சாப்பிடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள், எனக்கு 3,000 ரூபாய் போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை ராத்திரி காட்பாடியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஏசி ஃபேமிலி ரெஸ்டாரன்ட்டில் 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தேன். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் ஹோட்டல் எப்படிப் பார்த்து எடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பொண்ணுக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. போளூரிலிருந்து அம்மா, ஆரணியிலிருந்து தங்கச்சி குடும்பம், நாங்கள், மொத்தம் ஒன்பது பேர். அந்த ரோட்டில் கடைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பாதிக்கு மேல் காலேஜ் பசங்களுக்கான கடைகள். ஷவர்மா, ஃப்ரைடு ரைஸ், ஆந்திரா மீல்ஸ், வடநாட்டுப் பசங்களுக்கு ரொட்டி சப்ஜி. நாலு பசங்கள் நின்றபடி சாப்பிட்டுப் போவார்கள், 72 வயது அம்மாவை எங்கே உட்கார வைப்பது? பெரிய ஹோட்டல் என்றால் ஒன்பது பேருக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஆளுக்கு ஐநூறுக்குள், கீழ்த்தளத்தில் டேபிள், வண்டி நிறுத்த இடம், இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. போனில் தேடியதில் இந்தக் கடைக்கு நல்ல ஸ்டார், நல்ல போட்டோ.

வியாழக்கிழமை நேரிலேயே போனேன். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "பாட்டிக்கு முட்டி வலியா சார்? மாடி வேணாம், கீழயே சுவர் ஓரமா போடறேன். காரம் கம்மியா சூப் தனியா சொல்லிடறேன். நம்ம வீட்டு பாட்டி மாதிரி நான் பாத்துக்கறேன்." இந்தப் பேச்சில்தான் விழுந்தேன். ஃபேமிலி பேக் ஆளுக்கு 450, ஒன்பது பேருக்கு 4,050, சனிக்கிழமை கூட்டம் வரும் என்பதால் 3,000 அட்வான்ஸ் போட்டால் டேபிளைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். கவுன்டரில் கடையின் க்யூஆர் அட்டை நிற்கிறது, ஆனால் அவர் தன் போனை நீட்டினார். "அது ரெண்டு நாளா மக்கர் பண்ணுது சார், இதுல போடுங்க, எல்லாம் ஒண்ணுதான்." ஸ்கேன் செய்ததும் திரையில் வந்தது ஓர் ஆளின் பெயர், கடையின் பெயர் இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பின் நம்பரை அழுத்தினேன். அம்மாவின் முட்டியைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்த மனிதரிடம் ரசீது கேட்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் போனால் மேனேஜர் இல்லை. நோட்டில் என் பெயர் இல்லை. ஃபேமிலி பேக் சனி, ஞாயிறு கிடையாதாம். கீழே இடமில்லை, மாடிக்குப் போங்கள் என்கிறான் கவுன்டர் பையன். அம்மா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறி, திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பசி, பொண்ணு முகம் வாடிப்போனது, சரி சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மெனு கார்டில் பழைய விலை மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிரியாணி பாஸ்மதியில் கலர் போட்டது, கத்தரிக்காய் கூட இல்லை. ஆம்பூர் சீரகசம்பா பிரியாணி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அதை வைக்கிறார்கள். சூப் வரவே இல்லை.

பில் என்று வந்தது 'எஸ்டிமேட்' என்று தலையில் அச்சடித்த துண்டுக் காகிதம். சாப்பாடு 5,280, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 528, இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், மொத்தம் 6,098. ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. கொடுத்த 3,000-ஐக் கழிக்கவும் இல்லை. கேட்டதற்கு, "எங்க அக்கவுன்ட்டுக்கு வரல சார், யாருக்குப் போட்டீங்களோ அவரையே கேளுங்க." 450 ரூபாய் பேக் என்று பேசி, அட்வான்ஸோடு சேர்த்து 9,098 செலவு.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஒரே ஒரு தடவை போனை எடுத்தார். "திங்கக்கிழமை அக்கவுன்டன்ட் வந்ததும் போட்டுடறேன்." திங்கட்கிழமை ஸ்விட்ச் ஆஃப். நேரில் போனால் ஓனர் சென்னையில் இருக்கிறாராம். வங்கியில் கேட்டால் நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். 3,000 ரூபாய் சார்! தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு வாரம் ஓடி ஓடிச் சம்பாதிக்கிற காசு.

ஹோட்டல் எப்படி எடுப்பது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, அவசரமாக நாலு வார்த்தை. யாருடைய போனுக்கும் அட்வான்ஸ் போடாதீர்கள், கடையின் க்யூஆர் மட்டும், அதிலும் வருகிற பெயரைப் பார்த்துவிட்டு. என்ன பேசினார்களோ அதைக் கடை நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், பேக் சனிக்கிழமை உண்டா என்பதையும் சேர்த்து. எஸ்டிமேட் துண்டை வாங்காதீர்கள், ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜை தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு இது தெரியாது, 528-ஐயும் கட்டிவிட்டேன். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நேற்று அதில் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அந்த எஸ்டிமேட் துண்டு இரண்டையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்குச் சாயங்காலம் மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன். இதே மாதிரி வேறு யாராவது அங்கே அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்திருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.